பழைய பிரிண்டில் பெய்த மழை

கருவேலநத்தத்தில் மழை பெய்து மூன்று வருஷமாகி, ஊருணியில் கால் வைத்தால் வெடிப்புக்குள் முழங்கால் இறங்கும் என்றாகி, பருத்தி விதைத்தவர்கள் விதைத்ததையே மறந்துவிட்டிருந்த சமயத்தில்தான் செண்பகா டாக்கீஸுக்கு அந்த ராஜா ராணிப் படம் வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். பட்டணத்துத் தியேட்டர்களில் ஓடி, டவுன் தியேட்டர்களில் ஓடி, கீற்றுக் கொட்டகைகளிலெல்லாம் ஓடித் தேய்ந்து, இனிமேல் வளையல் செய்கிறவர்களுக்கு எடைக்குத்தான் போடவேண்டும் என்று மதுரைக் கம்பெனியில் மூலையில் தள்ளி வைத்திருந்த பிரிண்டை, முதலாளி ரெங்கசாமி நாயக்கர் அடிமாட்டு விலைக்குப் பேசி முடித்துப் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு வந்தார். புதுப்படம் எடுக்க அவருக்கும் வழியில்லை, புதுப்படம் பார்க்க ஊருக்கும் வழியில்லை.

கொட்டகையில் பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழிக்கிறவள் சொர்ணத்தாய். புருஷன் இறந்து அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்த வருஷம் அந்த வேலையில் சேர்ந்தாள். டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைக் கையில் கொடுப்பது, தூங்கிப்போன பிள்ளைகளைத் தாய்மாரிடம் சேர்ப்பது, பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே இருந்த குட்டைச் சுவரின்மேல் யாரும் கையை நீட்டாமல் பார்த்துக்கொள்வது, ஆட்டம் முடிந்ததும் தரை மணலைக் கிளறிக் கடலைத்தோலைப் பொறுக்குவது எல்லாம் அவள் வேலை. அவளுடைய அய்யா வைரவனுக்கு இந்த வேலை பிடிக்காது. அவள் சம்பளத்தில் வாங்கிய அரிசியைச் சாப்பிடுவார், ஆனால் கொட்டகை இருக்கிற தெருவில் மட்டும் நடக்கமாட்டார். கடைக்குப் போவதானாலும் கோயிலுக்குப் போவதானாலும் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போவார். காரணம் ஊருக்கே தெரியும். அவருடைய இளைய மகள் வள்ளிமயில், நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்த ஒருவனோடு, சினிமாவில் சேரப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பட்டணத்துக்குப் போனவள். போன கொஞ்ச காலத்தில் காய்ச்சலில் செத்துப்போனாள் என்று எவரோ வந்து சொன்னார்கள். வைரவன் தலைமுழுகினார், அதுவும் அவள் செத்ததற்கு அல்ல, அவள் போன அன்றைக்கே. அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சுவரில் மாட்ட ஒரு போட்டோகூட இல்லை, எடுத்திருந்தால்தானே.

படம் போட்ட முதல் நாள் மேட்னிக்குக் கூட்டம் என்று சொல்ல ஏதுமில்லை. தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலர், பெஞ்சில் இன்னும் குறைவு, நாற்காலியில் நாயக்கரின் மைத்துனர் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். படம் ஓட ஆரம்பித்ததும் திரையெல்லாம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கியது. தேய்ந்த பிரிண்ட் எல்லாம் அப்படித்தான்; ஆண்கள் பக்கத்திலிருந்து இளவட்டங்கள் வழக்கம்போல விசில் அடித்து, "ஏ ஆபரேட்டரு, படத்துல மழை பெய்யிதுய்யா! கொடை வச்சிருக்கீரா?" என்று கத்தினார்கள். ஆபரேட்டர் சவரிமுத்து மேலே தன் அறையில் அதைக் காதில் வாங்காமல் புரொஜெக்டர் விளக்கின் கார்பன் குச்சியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

இரண்டாவது இடைவேளைக்கப்புறம் அரண்மனைக் கிணற்றடியில் ஒரு பாட்டு வந்தது. ராஜகுமாரி முன்னால் நின்று பாடுகிறாள், பின்னால் தோழிப்பெண்கள் இரண்டு வரிசையாக இடுப்பில் குடத்தோடு வளைந்து நடக்கிறார்கள். வாசல் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சொர்ணத்தாய் அசட்டையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் ஒருத்தி, திரும்பக் கூடாத இடத்தில் திரும்பி, குடத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொண்டு, நேராக இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தாள். மேல்வரிசைப் பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் ஏறியிருந்தது. வள்ளிமயில்தான். சொர்ணத்தாய் திரைச்சீலையை விட்டுவிட்டு ஓரடி உள்ளே வந்தாள். அதே நேரத்தில் அவள் நெற்றியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அப்புறம் தோளில் ஒன்று விழுந்தது. அப்புறம் தரையெங்கும் சடசடவென்று விழுந்து மணல் வாசனை எழும்பியது.

கூரை ஒழுகுகிறது என்று முதலில் நினைத்தார்கள். நாயக்கரே வெளியே ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தார். வானம் வெளுத்த வேட்டி மாதிரி இருந்தது, ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பி உள்ளே வந்தால் தூறிக்கொண்டிருந்தது. படம் முடிந்து விளக்குப் போட்டதும் நின்றுவிட்டது. அன்று சாயங்கால ஆட்டத்துக்கும் அதே இடத்தில் தூறல் பிடித்துப் படம் முடிகிறவரை பெய்தது. ஊரே அன்று அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் பேசியது. அந்தப் பாட்டில் நடந்த இன்னொரு விஷயம் சொர்ணத்தாய் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மறுநாளே பெண்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு குடம் என்று நாயக்கர் சொன்னார். அதற்குப் பேரம் பேசி, மடியில் வைக்கிற செம்புக்குக் கணக்கில்லை என்று ஆக்கினார்கள். மழை தரையில்தான் பெய்தது, பெஞ்சுக்குச் சாரல் மட்டும், நாற்காலிக்கு ஒரு சொட்டும் இல்லை. பரம்பரையாக நாற்காலியில் உட்கார்ந்து பழகிய பெரிய வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் யோசித்துவிட்டு மூன்றாம் நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க, குடம் நிரம்புகிறவரை அவர்களுக்கு நேரமில்லை. சுகாதார ஆபீசர் ஒருவர் வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, தண்ணீர்தான், குடிக்கலாம் என்று சொல்லி, அவர் வீட்டுக்கும் ஒரு கேன் பிடித்துக்கொண்டு போனார். அந்தத் தண்ணீரில் பிலிம் ஒட்டுகிற பசையின் வாசனை லேசாக அடித்தது. பருப்பு சீக்கிரம் வெந்தது. அதில் துவைத்த சேலைகள் நாளாக ஆகச் சாயம் இறங்கிக் கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக ஆனதை முதலில் குறை சொன்னார்கள், அப்புறம் எல்லார் சேலையும் அப்படி ஆனதும் விட்டுவிட்டார்கள். படத்தை ஓயாமல் பார்த்ததில் பேச்சும் மாறிப்போனது. டீக்கடையில் கடன் கேட்கிறவனைக்கூட "மந்திரியாரே" என்று கூப்பிட்டார்கள். சண்டையில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து "உன் சூழ்ச்சி பலிக்காது" என்றாள்.

ஓட ஓடப் பிரிண்டில் கீறல் விழுந்தது, கீறல் விழ விழ மழை வலுத்தது. தூறலாக இருந்தது சாரலாகி, சாரல் நல்ல மழையாகி, ஒரு மாதத்துக்குள் கொட்டித் தீர்க்கிற மழையானது. கொட்டகைத் தரையிலிருந்து சுவரைக் குடைந்து வாய்க்கால் வெட்டி ஊருணிக்குத் திருப்பிவிட்டார்கள். வெளியூர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். நாயக்கர் காலை ஆட்டமும் போட்டார். ராஜகுமாரியின் மூக்கும் கண்ணும் கோடுகளுக்குள் மறைந்தன. வில்லன் யார், ராஜா யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது, அந்தக் குரலும் கரகரத்தது.

ஒருநாள் காலை ஆட்டம் முடிந்து சொர்ணத்தாய் ஆபரேட்டர் அறைக்கு ஏறிப்போனாள். சவரிமுத்து ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கெணத்தடிப் பாட்டுல பின்னால ஒரு பிள்ளை திரும்பிப் பாத்துச் சிரிக்குமே."

"ஆமா, கேமராவப் பாத்துரும். படம் எடுத்தவுக கவனிக்காம விட்டுட்டாக."

"அது எந் தங்கச்சி."

சவரிமுத்து ரீலைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே தாயி."

"என்னன்னு சொல்ல? எல்லாரும் கொடத்தோட நிக்காக. மொத நாளு கண்ணு, மூக்கு, பல்லு எல்லாம் தெளிவாத் தெரிஞ்சது. இப்ப நெத்தியில இருந்து கன்னம் வரைக்கும் கோடு விழுந்துருச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல ஒண்ணும் இருக்காதுண்ணே. எங்கிட்ட அவ மொகம் இது ஒண்ணுதான் இருக்கு. அந்தத் துண்டை மட்டும் வெட்டிக் குடுத்துருங்க. ரெண்டு முழ நீளம் போனா யாருக்குத் தெரியப்போகுது?"

சவரிமுத்து எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். அப்புறம் ரீலை வெளிச்சத்தில் ஓட்டி, அந்த இடத்தைக் கண்டுபிடித்து, கத்தரிக்கோலால் வெட்டி, இரண்டு முனைகளையும் பசை தடவி ஒட்டினார். வெட்டிய துண்டைத் தன் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தார். அவள் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வள்ளிமயில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே இறங்கினாள்.

அன்றைய மேட்னியில் கிணற்றடிப் பாட்டு வந்தது. கூட்டம் குடங்களைச் சரித்துப் பிடித்தது. பாட்டு ஒரு துள்ளுத் துள்ளி மேலே போனது. ஒரு சொட்டு விழவில்லை. பாட்டு முடிந்து ராஜா வந்து, சண்டை நடந்து, கல்யாணம் நடந்து, படமும் முடிந்தது. மணல் காய்ந்து கிடந்தது. ஆண்கள் பக்கத்தில் முதலில் சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பு நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து கருப்பாயியின் குரல்தான் முதலில் வந்தது.

"எங்க அந்தப் பிள்ளை? கொடத்தோட திரும்பிச் சிரிக்குமே, அதைக் காணோமே!"

"எந்தப் பிள்ளை மதினி?" என்று பக்கத்தில் கேட்டார்கள்.

"நீங்க கொடத்தைப் பாத்துக்கிட்டுக் கெடந்தா எப்பிடித் தெரியும்? நான் தெனமும் பாப்பேன். யாரோ நமக்குத் தெரிஞ்ச பிள்ளை மாதிரியே இருக்கும். இன்னைக்கு இல்ல."

இந்தக் கருப்பாயி, வள்ளிமயில் ஊரைவிட்டுப் போன நாளில் வீட்டு வாசலுக்கே வந்து, கூத்தாடியோட போனவ கூத்தாடிதான் என்று தெருவே கேட்கக் கத்தினவள். சொர்ணத்தாய் வாசலிலிருந்து உள்ளே வந்து கூட்டத்துக்கு நடுவில் நின்றாள். பொய் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"எங்கிட்டத்தான் இருக்கு. நாந்தான் வெட்டச் சொன்னேன். ஆபரேட்டரை ஒண்ணும் சொல்லாதீக. அது வள்ளிமயிலு."

பெரியவர்களுக்குப் புரிந்தது, சின்னஞ்சிறுசுகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் மெதுவாகச் சொன்னார்கள். நாயக்கர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, வெளியூர்க்காரி, வெறுங்குடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொடு என்றும் யாரும் கேட்கவில்லை, வெட்டின பிலிமைக் கொடு என்றும் யாரும் கேட்கவில்லை. கருப்பாயிதான் எழுந்து குடத்தை இடுப்பில் வைத்தாள்.

"எனக்குக் கேக்க வாயில்ல சொர்ணம். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினவ நான். நீ வச்சுக்க. நான் போறேன்."

அவள் வாசலுக்குப் போய்த் திரைச்சீலையை விலக்கிவிட்டாள்.

"மதினி, நில்லுங்க," என்றாள் சொர்ணத்தாய். கைக்குட்டையை இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "ஒட்டச் சொல்றேன். ஓடட்டும், தேஞ்சா தேயட்டும். ஆனா அந்த எடம் வரும்போது ஒருத்தரும் கொடத்தைப் பாக்கக் கூடாது. நெறைஞ்சு வழிஞ்சாலும் சரி, சரிஞ்சு விழுந்தாலும் சரி. எல்லாரும் அவளைப் பாக்கணும்."

"பாக்கோம்," என்றது ஆண்கள் பக்கம். "பாக்கோம் தாயி," என்றது பெண்கள் பக்கம்.

அன்று சாயங்கால ஆட்டத்திலேயே அந்தத் துண்டு திரும்பப் படத்துக்குள் போனது. பாட்டு வந்தது, இடுப்புக் குடத்தோடு பெண்கள் வளைந்து வந்தார்கள், கொட்டகை முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. வள்ளிமயில் திரும்பினாள், சிரித்தாள். மழை இறங்கி நிமிர்ந்த முகங்களில் எல்லாம் அறைந்தது, யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. அதற்கப்புறம்தான் குனிந்து குடங்களை நேர் செய்துகொண்டார்கள். காலையிலும் மத்தியானத்திலும் சாயங்காலத்திலும் இப்படித்தான் நடந்தது. வெளியூரிலிருந்து வண்டியில் வருகிறவர்களுக்கு ஊர் எல்லையிலேயே சொல்லிவிடுவார்கள், இன்ன இடத்தில் குடத்தைப் பார்க்கக் கூடாது, வைரவன் மகளைப் பார்க்கவேண்டும் என்று. பல் எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது, வலது புருவம் எப்படி வளைந்திருக்கிறது, குடத்தை ஏற்றி வைக்கும்போது எந்தக் கால் முன்னால் வருகிறது என்றெல்லாம் பெண்கள் காய்ந்துபோன தெருக்குழாய் மேடையில் உட்கார்ந்து பேசினார்கள். சின்னப் பெண்கள் கொட்டாங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயம் வைரவன் காதுக்குப் போகாமல் இருக்குமா. ஒருநாள் இரவு அவர் சாப்பிட உட்கார்ந்தார். தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது எந்தத் தண்ணி?" என்றார்.

"ஓடைக் கெணத்துத் தண்ணிதான்யா. உங்களுக்குத் தனியாத்தான் கொண்டுவந்தேன்."

குடித்தார். ஊர் முழுக்கக் கொட்டகைத் தண்ணீரைக் குடித்தபோதும் அவருக்கு மட்டும் சொர்ணத்தாய் காட்டு வழியே நடந்துபோய் ஓடைக் கிணற்றில் இறைத்துக்கொண்டு வந்தாள். அந்தக் கிணறு வற்றிக் கலங்கியபோது, தேத்தாங்கொட்டையை உரசிப்போட்டுத் தெளியவைத்துக் கொடுத்தாள். செம்பின் அடியில் சேறு நின்றது. அதையும் குடித்தாரே ஒழிய, கொட்டகைத் தண்ணீர் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அவளும் நீங்க ஒருதடவை வந்து பாருங்கய்யா என்று கேட்கவில்லை. கேட்டு, அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டால், அப்புறம் அந்த வீட்டில் இருக்க முடியாது என்று அவளுக்குப் பட்டது.

படம் தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் வள்ளிமயிலின் சேலைக் கரை போனது, குடம் போனது, குடத்தை வளைத்த கை போனது. பல்லும் சிரிப்பும் மட்டும் கொஞ்ச நாள் நின்றன. ஒரு வெள்ளிக்கிழமை மேட்னியில் அதுவும் இல்லை. திரை வெறும் வெள்ளையாக இருந்தது, வெள்ளைக்கு மேல் கோடுகள் ஓடின, மழை மட்டும் இதுவரை பெய்யாத அளவுக்குப் பெய்தது. அப்போதும் கூட்டம் அண்ணாந்துதான் உட்கார்ந்திருந்தது. சொர்ணத்தாய் வாசலில் நின்றபடி பார்த்தாள். அழுகை வரவில்லை. வேலை இருந்தது, வழுக்கி விழுந்த ஒரு கிழவியைத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

அன்றைக்கு வைரவனுக்குச் சோறு போடும்போது சொன்னாள்.

"இன்னைக்கு அவ மொகம் முழுசாப் போயிருச்சுய்யா."

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை. மிச்சச் சோற்றையும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மேட்னிக்கு ஆண்கள் பக்கத்து வரிசையில் ஒரு சலசலப்பு. வைரவன் வெளுத்த வேட்டி கட்டி, மேல்துண்டைத் தோளில் போட்டு, வீட்டுச் செப்புக்குடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்னால் போங்க என்று வழிவிட்டார்கள், போகமாட்டேன் என்று தன் முறை வரும்வரை நின்றார். டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, குட்டைச் சுவரை ஒட்டி மணலில் உட்கார்ந்தார். கொட்டகைக்குள் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எங்கே பார்க்கவேண்டும் என்றுகூடத் தெரியாமல், மேலே அறையிலிருந்து வருகிற வெளிச்சத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவன் தோளைத் தொட்டு, "முன்னால பாருங்க பெரியப்பா," என்றான்.

கிணற்றடிப் பாட்டு வந்தது. ராஜகுமாரியின் குரல் மட்டும் எங்கிருந்தோ கேட்டது. திரையில் வெளிச்சம்தான் இருந்தது. வைரவன் கழுத்தை நீட்டிப் பார்த்தார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் குடங்களை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள்.

"எங்கே?" என்றார் வைரவன். "ஒண்ணும் தெரியலையே."

"இந்தா வாறா மாமா," என்றாள் கருப்பாயி சுவருக்கு அப்பாலிருந்து. "ரெண்டாவது வரிசை. இடது ஓரம்."

"கொடத்தை ஏத்தி வைக்கா," என்றாள் இன்னொருத்தி.

"வலது காலை முன்னால வைக்கா தாத்தா," என்றது ஒரு சின்னக் குரல்.

"திரும்புறா. இந்தா, திரும்பிட்டா. உங்களைத்தான் பாக்கா."

"சிரிக்கா பெரியப்பா. பல்லு தெரியுது."

மழை இறங்கியது. வைரவனின் தலையிலும் தோளிலும் மடியில் இருந்த குடத்திலும் விழுந்தது. அவர் வெள்ளையாக இருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து சொர்ணத்தாய்க்கு அவருடைய முதுகும் ஈரத்தில் ஒட்டிய துண்டும்தான் தெரிந்தன.

"மெலிஞ்சிருக்காளா?" என்று கேட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் கருப்பாயியைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் கருப்பாயி சொன்னாள்:

"இல்ல மாமா. நல்லாப் பூரிச்சுப்போய்த்தான் இருக்கா."

அவர் தலையை ஆட்டினார். பாட்டு முடிந்தது, ராஜா வந்தார், கத்திச் சத்தம் கேட்டது, மேளம் கேட்டது. வைரவன் அசையாமல் படம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தார். விளக்குப் போட்டதும் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, தண்ணீர் வழிய வழியப் பெண்கள் வாசல் பக்கமாக வந்தார். சொர்ணத்தாய் கையை நீட்டினாள்.

"குடுங்கய்யா, நான் கொண்டுபோறேன்."

"நீ ஒன் வேலையப் பாரு. ஆளு நிக்கி," என்றார். குடத்தை அவள் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, துண்டைப் பிழிந்து தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே போனார். அடுத்த ஆட்டத்துக்கான வரிசை கொட்டகைச் சுவரைச் சுற்றித் தெருமுனைவரை நீண்டிருந்தது. வைரவன் அதன் ஓரமாகவே நடந்து கடைசி ஆள் வரைக்கும் போய், அவருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.